மாமாவின் பழைய பத்திரிகைகளுக்காக ஒரு மொஜாவே ஐஎஸ்ஓ

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட் அச்சகத்தை மூடியபோது மாமா ஒரு ஹார்ட் டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். "தம்பி, இதையெல்லாம் திறக்க வழி இருக்கா பாரு." உள்ளே இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள், தைப்பூச அழைப்பிதழ்கள். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துரு. அதைத் திறக்கிற மென்பொருளோ பழைய 32 பிட் வகை. ஆப்பிளின் மேக் கணினியில் 2019இல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளத்தோடு 32 பிட்டுக்குக் கதவு சாத்திவிட்டார்கள், அதற்கு முந்தைய மொஜாவேதான் கடைசி. யீஷூன் வீட்டில் இருக்கும் என் இன்டெல் மேக்கில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் மொஜாவேயை ஏற்ற உட்கார்ந்தேன். இன்டெல் சிப்புக்குப் பதில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் உள்ள மேக்கில் இந்த வழி செல்லாது.

மொஜாவே நிறுவியும் அந்த டிஸ்க்கிலேயே கிடந்தது. அதை ஐஎஸ்ஓவாக, அதாவது ஒரு நிறுவல் வட்டின் நகல் போன்ற ஒற்றைக் கோப்பாக, மாற்ற வேண்டும். கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஹெச்டிஐயூடில் என்ற கட்டளை கொண்டு 8 ஜிபிக்கு வெற்று இமேஜ் (டிஸ்க் போல நடந்துகொள்ளும் கோப்பு) ஒன்று உருவாக்கி, நிறுவிக்குள் இருக்கும் கிரியேட்இன்ஸ்டால்மீடியா என்ற கருவியை அதன்மேல் ஓட்டினேன். வேலை முடிந்ததும் அந்த இமேஜின் பெயரை அது 'இன்ஸ்டால் மேக்ஓஎஸ் மொஜாவே' என்று மாற்றிவிடும். நான் வைத்த பெயரைக் கொடுத்துக் கழற்றப் பார்த்தால் 'இல்லை' என்கிறது. புதுப் பெயரைக் கொடுத்தால்தான் கழன்றது. பிறகு யூடிடிஓ என்ற சிடி, டிவிடி வட்டு வடிவத்துக்கு மாற்றினால் சிடிஆர் என்று முடியும் கோப்பு வரும். அதன் வாலை ஐஎஸ்ஓ என்று திருத்தினால் போதும்.

விர்ச்சுவல்பாக்ஸின் மெய்நிகர் இயந்திரம் அந்த ஐஎஸ்ஓவிலிருந்து பூட் ஆனது. டிஸ்க் யூட்டிலிட்டியில் மெய்நிகர் டிஸ்க்கை முதலில் அழித்துத் தயார் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நிறுவ இடமே காட்டாது. அதையும் செய்து 'தொடர்' அழுத்தினால், நிறுவி சேதமடைந்திருக்கிறது என்று ஒரு செய்தி. கோப்பு பிரதியெடுக்கும்போது கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை ஐஎஸ்ஓவை மறுபடி செய்தேன். ஓர் இரவு முழுக்கப் போனது.

கோப்பில் ஒரு குறையும் இல்லை. பழைய நிறுவிகளில் அவற்றின் நம்பகத்தன்மையைக் காட்ட உள்ள சான்றிதழ் 2019 அக்டோபர் 24ஆம் தேதி காலாவதியாகிவிட்டது. தேதியைப் பார்த்து நிறுவி தன்னையே நம்ப மறுக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தின் நெட்வொர்க்கைத் துண்டித்தேன், இல்லையென்றால் கடிகாரம் தானாக இன்றைய தேதிக்குத் திரும்பிவிடும். நிறுவியின் யூட்டிலிட்டீஸ் மெனுவில் டெர்மினலைத் திறந்து 'டேட் 0901010119' என்று அடித்தேன். மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு என்ற வரிசையில் 2019 செப்டம்பர் முதல் தேதி. இந்த முறை பட்டை நிற்காமல் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட்டு 2004ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றைத் திறந்து காட்டினேன். கொம்பும் காலும் இடம் மாறாமல், அவர் கோத்தபடியே எழுத்துகள் நின்றன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணமக்கள் பெயரை வாய்விட்டுப் படித்தார். "அடுத்ததைத் திற," என்றார்.