பென்சிலோடு ஒரு நாவல்

2024 ஜூன் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கொட்டகலைப் பக்கம் எதிர்மலை தெரியவே இல்லை. போன மாதம் கண்டியில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலை ஒருவழியாக இன்று எடுத்தேன். எழுதியவர் லெனார்ட் வூல்ஃப். 1904ல் வெள்ளைக்கார அரசாங்க உத்தியோகத்துக்கு இங்கே வந்து யாழ்ப்பாணம், கண்டி, கடைசியில் அம்பாந்தோட்டை என்று வேலை பார்த்துவிட்டு 1911ல் திரும்பிப் போனவர். நாவல் வந்தது 1913ல். கதை நடப்பது தெற்கே தண்ணீரில்லாத காட்டில். கண்டியில் இருந்த மனுஷன் நம்ம மலையைப் பற்றி எழுதியிருக்கக் கூடாதா என்று ஒரு சின்ன மனக்குறை எனக்கு.

இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பக்கம். ஆபீஸில் ஆங்கிலக் கடிதம் என்றால் எல்லோரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். அவர்கள் இதைப் பார்க்காமல் இருந்தால் சரி.

ஜூன் 5, புதன்

தெரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் முந்நூறு சொல் இருக்கும், கோடு விழுந்தது பதினொன்றில். பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் 2006ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. துணையில்லாமல் வாசிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல் தெரிந்திருக்க வேண்டும், நாவலில் அந்த அளவுக்கு வர 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் வேண்டும் என்கிறார். ஒரே வேரில் கிளைத்த சொற்களையெல்லாம் சேர்த்து ஒரு குடும்பம். அவர் கணக்குப்படி என் பக்கத்தில் ஆறு கோடுதான் விழலாம்.

கோடு விழாத இடத்தில்தான் எனக்குப் பெரிய தொல்லை. பரீட்சைக்குப் படித்ததால் பெரிய பெரிய சொல்லெல்லாம் தெரியும். 'மேக்' தெரியும், 'ஆஃப்' தெரியும், இரண்டும் சேர்ந்து 'மேட் ஆஃப்' என்று வந்தால் ஆள் ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தமாம். 'மேக் அவுட்' என்றால் மங்கலாகத் தெரிவதை இன்னதென்று பிடித்துக்கொள்வது. பனிமூட்டத்தில் வருகிற பஸ்ஸின் பேர்ப்பலகையைப் பார்த்து தினமும் நான் செய்கிற வேலை, அதற்கு இப்படி ஒரு சொல் இருப்பது முப்பத்தொரு வயதில்தான் தெரிய வருகிறது.

ஜூன் 9, ஞாயிறு

'சேனா' என்றொரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. போனிலுள்ள அகராதியில் இல்லை. ஏதோ பழைய ஆங்கிலச் சொல்லாக்கும் என்று பயபக்தியோடு நோட்டில் எழுதி வைத்தேன். அப்புறம் பார்த்தால் அந்தச் சேனாவில் குரக்கன் விதைக்கிறார்கள். அட, காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுகிற சேனைப் பயிர்ச்செய்கை! ஆறாம் வகுப்பிலேயே படித்தது. ஆங்கில எழுத்தில் வந்ததும் என் கண்ணுக்கு வேற்றாளாகத் தெரிந்திருக்கிறது. கடை முதலாளி, ஊர்த்தலைவர் ஆராச்சி, நாட்டு வைத்தியர் வெதராள எல்லோரும் இதே நாவலில் நடமாடுகிறார்கள். லண்டனில் வாசிக்கிறவன்தான் இந்த இடத்தில் அகராதி தேட வேண்டும்.

சிலிந்து என்ற வேட்டைக்காரனின் மகள் பேர் புஞ்சி மெனிக்கா. அந்தப் பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதுளை ரயில் 'பொடி மெனிக்கே' ஞாபகம்தான். புஞ்சியும் பொடியும் சிங்களத்தில் சின்னது என்பதுதானே.

ஜூன் 16, ஞாயிறு

இந்த 'வுட்'டை (would) எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்கு இரண்டே வேலை சொல்லித் தந்தார்கள்: மரியாதையாகக் கேட்பது, 'நடந்திருந்தால்' வாக்கியம். கதையிலோ நடந்து முடிந்த காலத்தைச் சொல்லும்போது அவன் 'வுட்' போவான், 'வுட்' உட்காருவான் என்று வருகிறது. எங்கே அந்த 'இருந்தால்' என்று ஒரு பந்தியை மூன்று தடவை வாசித்தும் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் அம்மாயி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே பழைய கதை சொன்னார். எண்பத்து நான்கு வயது, இன்னும் ரொட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார். "இருட்டோட தப்பு அடிப்பாங்க புள்ள. எந்திரிச்சு பெரட்டுக்கு ஓடுவோம். கங்காணி பேர் கூப்பிடுவாரு. தொரை மோட்டார் சைக்கிள்ல வருவாரு, சத்தம் கேட்டதும் எல்லாரும் கப்சிப்." பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது. அடிப்பாங்க, ஓடுவோம், வருவாரு. எல்லாம் முடிந்து எழுபது வருஷம் ஆன சங்கதி, அம்மாயி சொல்வதோ எதிர்காலத்தில்! சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதில் வருகிற அதே எதிர்காலம், வழக்கமாக நடப்பதைச் சொல்கிற காலம். 'வுட்' செய்வதும் இதைத்தான். ரொட்டி கருகியதுகூடத் தெரியாமல் புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பந்தியை அம்மாயி குரலில் மனசுக்குள் வாசித்தேன், தடங்கலே இல்லை.

முழுசாகப் பொருந்தவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். "அந்தக் காலத்துல இங்க ஒரு பெரிய மரம் இருக்கும்" என்று அம்மாயி சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'வுட்' வராது, 'யூஸ்ட் டு' தான். திரும்பத் திரும்பச் செய்ததற்குத்தான் 'வுட்', சும்மா இருந்ததற்கு இல்லை.

ஜூன் 21, வெள்ளி, போயா

பௌர்ணமி லீவு. பென்சிலைத் தம்பியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன். முப்பத்தெட்டு பக்கம்.

ஜூன் 27, வியாழன்

பென்சில் இல்லாததில் நஷ்டமும் உண்டு. வழக்கு நடக்கிற இடத்தில் யார் யாரை மாட்டிவிட்டார்கள் என்பதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு இருபது பக்கம் போய்விட்டேன், ஒரு நல்ல மனுஷன் மேல் வீணாகக் கோபம். திரும்பி வந்து வாசித்தேன். இனிமேல் ஒரு சொல் மூன்றாம் தடவை வந்தால்தான் அகராதி, கோர்ட்டு, போலீஸ் வருகிற இடத்தில் மட்டும் உடனே. இது எனக்கு நானே போட்ட சட்டம், மற்றவர்களுக்கு எப்படியோ.

ஜூலை 7, ஞாயிறு

கதையில் வழக்குக்கு முந்தின பகுதியில் எல்லோரும் பெரகமவுக்கு யாத்திரை போகிறார்கள். பேரை மாற்றியிருக்கிறார், ஆனால் அது கதிர்காமம்தான், இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இப்போது அங்கே கொடியேறியிருக்கிற நேரம். அம்மாயியிடம் சொன்னதும் கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளைக்காரன் முருகனைப் பற்றி என்ன எழுதினான் என்று கேட்டார்.

முதலிலிருந்து சொன்னேன். "சிலிந்துன்னு ஒருத்தன் அம்மாயி. விடியக்காலையில துப்பாக்கிய எடுத்துக்கிட்டு தனியா காட்டுக்குப் போவான். யார்கூடயும் பேச மாட்டான். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, அதுங்களுக்கு மட்டும் கதை சொல்லுவான்..."

"அந்தப் புள்ளைங்களுக்கு என்னா ஆச்சு?"

"இன்னும் அறுபது பக்கம் இருக்கு."

"அப்ப இங்க என்னா பேச்சு, போய் படி" என்றார்.