‘குரல் வருது, ஆள் எங்கய்யா?’

“அந்த பேங்க் ஸ்கிட்ல என் லைனைத் தூக்கினது யார் சார்?” என்று எங்கள் டிவி காமெடி ஷோவின் நடிகர் ஒருவர் கேட்டபோது, “எஸ் அண்ட் பி” என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். டிவி காமெடியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒரு வசதி. எது வெட்டுப்பட்டாலும் பழியை, ஒளிபரப்புக்கு முன் ஸ்கிரிப்ட்டைச் சரிபார்க்கும் அந்தத் துறையின் தலையில் போட்டுவிடலாம், யாரும் மேலே போய்க் கேட்க மாட்டார்கள். நான் “நான்தாண்ணே” என்றேன். நேர்மையாகச் சொன்னேனா, நல்ல காரியம் செய்துவிட்ட மிதப்பில் சொன்னேனா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். ஸ்கிரிப்ட் பேப்பர் யார் கையில் இருக்கிறதோ அவர் சார். எங்கள் ஃப்ளோரின் எழுதப்படாத விதி அது.

ஸ்கிட் ரொம்பச் சாதாரணமானது. அவர் லோன் கேட்டு பேங்குக்கு வருகிறார். மேனேஜர் மேஜைக்கு மேலே எட்டிப் பார்த்து, “குரல் வருது, ஆள் எங்கய்யா?” என்பார். இது எங்கள் டீம் எழுதிய லீட், அதாவது பதில் ஜோக்குக்கு எடுத்துக்கொடுக்கும் வரி. உயரம் குறைந்த ஒருவர் மேடையேறினால் இதைத் தவிர வேறெதுவும் தோன்றாத சோம்பேறித்தனம், அவ்வளவுதான். அதற்கு அவருடைய பதிலாக, ஸ்டூல் மீது ஏறி வணக்கம் சொல்வதை எழுதியிருந்தோம். ரிகர்சலில் அவர் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, நின்ற இடத்திலேயே நிதானமாகச் சொன்னார்: “லோன் கேட்டு உள்ள வந்துட்டா எல்லாருமே குள்ளம்தான் சார். உயரமான ஆளுங்க இங்க வர்றதில்ல, ஃபோன்லயே வாங்கிக்கிறாங்க.”

லைட்மேன் சிரித்தார். காலையிலிருந்து நாலு ஸ்கிட் பார்த்துச் சலித்துப்போன லைட்மேன் சிரிப்பதைவிடப் பெரிய ரேட்டிங் எங்களுக்கு வேறில்லை.

அதற்குப் பிறகுதான் வெட்டினேன். பதிலை அல்ல, லீடை. காரணம் இருந்தது. 2024 ஜூலையில் ஒரு இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்திச் சிரிக்க வைப்பது வேறு, அவர்களுடைய நிலையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று நீதிபதிகள் பிரித்திருந்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் குள்ளத்தன்மையும் வருகிறது. 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ என்று அளவே போட்டிருக்கிறது. இந்த விவரமெல்லாம் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் வெட்டவில்லை. என் அக்கா மகனைப் பள்ளியில் கூப்பிடும் பட்டப்பெயர், நாங்கள் ஒரு எபிசோடில் வேறொரு நடிகருக்கு வைத்த பெயர். அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, வீட்டுக்குப் போனால் உள்ளறைக்குப் போய்விடுவான். ஓமக்குச்சி நரசிம்மன், குள்ளமணி என்று உடம்பையே பெயராக்கி நடிகர்களை அழைத்த மரபு நம்முடையது. எங்காவது ஓரிடத்தில் இதை நிறுத்தித்தானே ஆகவேண்டும், அந்த இடம் என் மேஜையாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பில் தப்பிருப்பதாகத் தோன்றவில்லை.

“லீட் மட்டும்தாண்ணே போச்சு. உங்க பதிலை வேற எதுக்காவது சொல்லிக்கலாமே” என்றேன்.

“தூண எடுத்துட்டுக் கூரைய மட்டும் வச்சுக்கங்கறீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. “அவன் என்னைக் கேலி பண்றான்னு உங்களுக்குப் படுது. அவன் கேட்டாத்தான் சார் நான் அடிக்க முடியும். அவன் கேக்காமலே நான் அடிச்சா அது காமெடியில்ல, மீட்டிங் பேச்சு.”

தொழில்முறையில் இதற்கு என்னிடம் பதில் இல்லை. டைமிங் தெரிந்த எவருக்கும் இருக்காது.

அவருடைய அப்பா புதுக்கோட்டைப் பக்கம் நாடகங்களில் பபூன் போட்டவர். ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். வள்ளி வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் தனியாக மேடைக்கு வந்துவிடுவார். முதலில் தன்னைத்தானே கேலி செய்வார், அப்புறம் பெண்டாட்டியை, அப்புறம்தான் முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள். “வரிசை மாறக் கூடாது சார். மொதல்ல நம்மள அடிச்சிக்கிட்டாத்தான் அவுகள அடிக்க விடுவாக” என்று அப்பா சொல்வாராம். தெருக்கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்துவிட்டுத் தப்பிப்பதும் இந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். அதற்காக, பெண்டாட்டியைக் கேலி செய்யும் அந்த நடுப்பகுதியை நியாயப்படுத்திவிட முடியுமா? முடியாது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். “அது வேற பஞ்சாயத்து” என்றார்.

என்னை உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. திருத்திய ஸ்கிரிப்ட் எஸ் அண்ட் பி-க்குப் போனது. அந்த அதிகாரி பழைய பிரதியைக் கையில் வைத்திருந்தார். ‘ஆள் எங்கய்யா’ வரியில் ஒரு கோடுகூட இல்லை. ‘ஃபோன்லயே வாங்கிக்கிறாங்க’ என்ற இடத்தைத்தான் பென்சிலால் சுழித்து, ‘யாரைச் சொல்கிறோம்?’ என்று எழுதியிருந்தார். லீடோடு சேர்ந்து பதிலும் போய்விட்டதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நீங்க ரொம்ப சென்சிட்டிவா எழுதறீங்க சார்” என்று பாராட்டினார்.

புதிதாக வரும் எழுத்தாளர்களுக்கு அந்த அதிகாரி தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் திருடர்களோடு ஒப்பிட்டு ஒரு ஜோக் வந்தது. சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அதிகாரி கதையை அங்கேயே முடித்துக்கொள்வார். ஆசிரியர் சில நாட்களிலேயே வெளியே வந்ததும், பின்னால் உயர் நீதிமன்றம் போய் 1,000 ரூபாய் நஷ்ட ஈடு வாங்கியதும் அவருடைய கதையில் வராது. ஒரே சம்பவத்தில் அவருக்கு ஜெயில் நினைவிருக்கிறது, எனக்கு அந்த ஆயிரம் ரூபாய். அதற்காக அவரைக் கோழை என்றும் சொல்லமாட்டேன். சானலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் பதில் எழுத உட்காருவது அவர்தான், நானல்ல.

ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. மேலே இருப்பவர்களைத் தொட அனுமதி இல்லை. கீழே இருப்பவர்களைத் தொடக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் மாமியார், டிராஃபிக், செல்போன் என்று ஒரு மிதமான சிரிப்புதான் மிச்சம். நான் அந்த நடிகருடைய மானத்தைக் காப்பாற்றினேனா, லோனை ஃபோனிலேயே வாங்கிக்கொள்பவர்களின் மானத்தைக் காப்பாற்றினேனா? என் நோக்கம் முதலாவது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நோக்கத்தைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை.

இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே மீட்டிங்கில் யாராவது, “கலைவாணர் யார் மனசையும் நோகடிக்காம சிரிக்க வைக்கலையா?” என்பார்கள். என்.எஸ். கிருஷ்ணன் பெயரைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். கலைவாணர் தன்னுடைய நகைச்சுவைப் பகுதிகளைத் தானே, தன் குழுவோடு உட்கார்ந்து உருவாக்கினார் என்பதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அந்த சீசனின் மிச்ச எபிசோடுகளில் அந்த நடிகருக்கு ‘கௌரவமான’ வேஷங்களாக எழுதினோம். டாக்டர், ஜட்ஜ், ஹெட்மாஸ்டர். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அடுத்த சீசன் பட்டியலில் அவர் பெயர் இல்லாதபோது நான் பேசினேன். ரேட்டிங் சார்ட்டைக் காட்டினார்கள். எங்கள் சம்பளத்தில் யாருக்கும் பெரிதாக நிற்காது. டிவியில் முகம் தெரிந்தால்தான் ஆடியில் கோயில் கொடை மேடைகள் வரும், வருமானம் அங்கேதான். “என்கிட்டருந்து கைதட்டலை வாங்கிக்கிட்டீங்க, சரி. பதிலுக்கு என்ன சார் குடுத்தீங்க?” என்று ஃபோனில் கேட்டார். மரியாதை என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை.

அந்தத் தீர்ப்பைப் பிறகு முழுக்கப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும், அவர்கள் இல்லாமல் அவர்களைப் பற்றி எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப் சுருக்கத்தில் அந்தப் பகுதி வரவில்லை. அவரைக் கேட்டிருந்தால் லீடை விட்டுவைக்கச் சொல்லியிருப்பார். விட்டுவைத்திருந்தால் என் அக்கா மகனுக்கு இன்னொரு பெயர் கிடைத்திருக்கும். இரண்டும் உண்மைதான், ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிட முடியவில்லை.

போன மாதம் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தேன். ரிகர்சலில் நடிகர் சொல்லும் வரி ஸ்கிரிப்ட்டில் ஏறினால் டைட்டிலில் ‘எழுத்து’ என்று அவர் பெயரும் வரட்டும். எழுத்தாளர் என்றாகிவிட்டால் வெட்டும்போதும் அவரைக் கேட்டே ஆகவேண்டுமே என்றேன். நல்ல யோசனை என்றார்கள். டைட்டிலில் ஸ்பான்சர்களுக்கே இடம் போதவில்லையாம், அடுத்த சீசனில் பார்க்கலாமாம்.