ஒன்பதாம் வகுப்பும் வர்க்கமூலம் இரண்டும்

2024 ஜூலை 8, திங்கள்

மெய்யெண்கள் பாடம் தொடங்கியாயிற்று. விகிதமுறா எண் என்றால் என்ன என்று கேட்டதும் பாதி வகுப்பு ஒரே குரலில், "முடிவுறா, சுழல் தன்மையற்ற தசம எண் டீச்சர்" என்றது. வரி சரிதான். இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண் என்று சொன்னாலும் அதேதான். ஆனால் பலகையில் √2 = 1.414 என்று எழுதி, இது சரியா என்றால் எல்லாத் தலையும் ஆடுகிறது. நடு வரிசைப் பையன் ஒருவன் மட்டும் எழுந்தான். "1.414-ஐ 1414/1000-ன்னு எழுதலாம்ல டீச்சர்? அப்ப √2 விகிதமுறு எண்தானே?"

இந்தக் கேள்வி வராத வகுப்பில் நானே அதைக் கேட்டுவிடுவேன். அவ்வளவு முக்கியம் அது. 1.414-ஐ அதே எண்ணால் பெருக்கச் சொன்னேன். விடை 1.999396. 1.41421 என்று நீட்டிப் பெருக்கினாலும் 1.99998 சொச்சம்தான், 2 வரவில்லை. சமக்குறியை அழித்துவிட்டுத் தோராயக் குறி போட்டேன். பை (π) விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. 22/7 என்றே எழுதிப் பழகியதால் பை ஒரு பின்னம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 22/7 என்பது 3.1428, பை என்பது 3.1415. மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

ஜூலை 9, செவ்வாய்

"இன்னும் பெரிய பெரிய எண்ணாப் போட்டுத் தேடினா ஏதாவது ஒரு பின்னம் மாட்டாதா?" அதே பையன்தான்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை வைத்துச் செல்லும் வழக்கமான நிரூபணத்தை நான் முதலில் எடுப்பதில்லை. கடைசி இலக்கத்தைப் பார்க்கும் வழி பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. 0 முதல் 9 வரை வர்க்கம் கண்டுபிடிக்கச் சொன்னேன். எந்த முழு எண்ணின் வர்க்கமும் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் முடியும். அந்த வர்க்கங்களை இரட்டித்தால் கடைசி இலக்கம் 0, 2, 8 மட்டுமே.

இப்போது √2-க்குச் சமமான பின்னம் ஒன்று இருக்கிறது, பொதுக் காரணிகளை எல்லாம் அடித்துச் சுருக்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தொகுதியின் வர்க்கமும் பகுதியின் வர்க்கத்தைப் போல இரு மடங்கும் ஒரே எண். எனவே இரண்டும் ஒரே இலக்கத்தில் முடிய வேண்டும். இரண்டு பட்டியலிலும் இருப்பது 0 மட்டும்தான். அப்படியானால் தொகுதி 0-இல் முடியும். பகுதி 0-இலோ 5-இலோ முடியும். இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ரெண்டுமே அஞ்சால வகுபடுமே டீச்சர்! எல்லாத்தையும் அடிச்சாச்சுன்னு சொன்னீங்க?" என்றாள். நிரூபணத்தை முடித்தது அவள்தான்.

ஜூலை 10, புதன்

"இதே மாதிரி √4-ம் விகிதமுறா எண்ணுன்னு நிரூபிச்சுடலாமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அருமையான சோதனை. வர்க்கங்களை நான்கு மடங்காக்கினால் 0, 4, 6 வருகின்றன. மூன்றுமே வர்க்கப் பட்டியலில் இருக்கின்றன, முரண்பாடு எழவில்லை. எழவும் கூடாது, √4 என்பது 2 அல்லவா?

ஜூலை 12, வெள்ளி

சுருக்குதல். √72-ஐப் பலர் 3√8 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். தப்பில்லை, முடியவில்லை, அவ்வளவுதான். பகாக் காரணிகளை வரிசையாக எழுதவைத்தேன்: 2, 2, 2, 3, 3. ஜோடி சேர்ந்த 2-ம் 3-ம் வெளியே வரும். தனியாக நிற்கும் 2 உள்ளேயே இருக்கும். 6√2.

அப்புறம் √(9 + 16) = 3 + 4 என்ற பழைய வம்பு. கொத்தனார் மகன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். அப்பா எப்படி மூலைமட்டம் பார்ப்பார் என்றேன். "ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி இருக்கணும் டீச்சர்." குறுக்கே 7 அடி வருமா என்று கேட்டதும் சிரித்துவிட்டான்.

ஜூலை 15, திங்கள்

காமராஜர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாள் விழா, வகுப்பு நடக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

ஆளுக்கு இரண்டு ஏ4 தாள். ஒன்றின் குட்டை விளிம்பை நெட்டை விளிம்போடு பொருத்தி மடித்தால், மடிப்பு ஒரு சதுரத்தின் மூலைவிட்டமாக விழுகிறது. இன்னொரு தாளின் நெட்டை விளிம்பை அந்த மடிப்பின் மேல் வைத்தார்கள். முனைக்கு முனை பொருந்தியது! சதுரத்தின் பக்கத்தைப் போல √2 மடங்குதான் அதன் மூலைவிட்டம் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தாயிற்று.

விஷயம் அதோடு முடியவில்லை. ஏ4 தாளின் அளவு 210 மி.மீ., 297 மி.மீ. விகிதத்தைச் சுருக்கினால் 99/70. அதாவது பின்னம்! 99-இன் வர்க்கம் 9801. 70-இன் வர்க்கத்தைப் போல இரு மடங்கு 9800. ஒன்றே ஒன்று இடிக்கிறது. மடிப்புக்கும் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. வேள்விப் பீடங்களுக்கான அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் √2-க்குத் தரும் மதிப்பையும் சொன்னேன்: 1-உடன் 1/3, 1/12 கூட்டி, 1/408 கழிக்க வேண்டும். வருவது 577/408, ஐந்து தசம இடம் வரை சரி. 577-இன் வர்க்கம் 332929, 408-இன் வர்க்கத்தைப் போல இரு மடங்கு 332928. அங்கும் அதே ஒன்று. "அந்த ஒண்ணு போகவே போகாதா டீச்சர்?" போகாது. 9-ஆம் தேதி நிரூபித்தது அதைத்தானே.

ஜூலை 18, வியாழன்

சிறு தேர்வு. √8 + √18 = √26 என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். √8 ஏறக்குறைய 2.8, √18 ஏறக்குறைய 4.2, கூட்டினால் 7. √26 ஐந்தைத்தான் கொஞ்சம் தாண்டும். மதிப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் இந்தத் தவறு தானாகக் குறையும். விடை 2√2 + 3√2, அதாவது 5√2.

√45 − √20 போட்டு √5 என்ற விடைக்கு வந்ததும், கடைசி இலக்க வழி √5-க்கும் செல்லுமா என்று அந்த நடு வரிசைப் பையன் பார்க்கத் தொடங்கினான். செல்லாது. எந்த வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினாலும் 0 அல்லது 5-இல்தான் முடிகிறது, அதனால் பகுதியைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. சரி, √72-க்குச் செய்தோமே, அதுபோல ஜோடி சேர்த்துப் பார் என்றேன். நோட்டில் கொஞ்ச நேரம் கிறுக்கிவிட்டு வந்தான். "வர்க்கத்துல 5 எல்லாம் ஜோடி ஜோடியாத்தான் இருக்கும். இன்னொரு 5-ஆல பெருக்கினா ஒண்ணு தனியா நிக்கும். அப்ப அது வர்க்கமாகவே முடியாது. √3-க்கும் √7-க்கும் இதே கதைதான் டீச்சர்."