கரூர் குளங்களுக்காக நான்கு நடை

அமராவதி ஆற்றுப்படுகைக்கு நிலப்பயன்பாட்டுத் திட்டம் போடும் வேலை. உடுமலை, தாராபுரம் பக்கத்து லேயர்கள் (கணினி வரைபட அடுக்குகள்) எல்லாம் ஒரே மெயிலில் வந்துவிட்டன. கரூர் பக்கத்துக் குளங்களுக்குத்தான் ஓர் அலுவலகத்துக்கு நான்கு நடை, இன்னும் மனசு ஆறவில்லை.

முதல் நாள், "மேப்பெல்லாம் வெளியே தர முடியாது சார்" என்று எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதலை அடுத்த முறை அச்செடுத்துப் போனேன், பொதுப்பணத்தில் உருவான தரவு எல்லா இந்திய நிறுவனங்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்கிற வரிக்கு அடிக்கோடு போட்டு. அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், அந்தத் தாளோடு போங்கள்.

பென் டிரைவில் கிடைத்த ஷேப்ஃபைலோடு (வரைபடத் தரவு வடிவம்), எந்த ஆள்கூற்று முறையில் வரைந்தது என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு இல்லை. மற்ற லேயர்கள் யூடிஎம் (உலகை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் ஆள்கூற்று முறை) 43ஆம் மண்டலம் என்பதால் இதையும் அப்படியே திறந்தேன். கரூர்க் குளங்கள் அத்தனையும் லட்சத்தீவுப் பக்கம் கடலில் போய் விழுந்தன. மண்டல எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை இந்தப் படுகைக்கு ஊடே போகிறது. தாராபுரம் 43ஆம் மண்டலம், கரூர் 44. மாற்றியதும் இடத்துக்கு வந்துவிட்டன, நானும் நம்பிவிட்டேன்.

அப்புறம் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பெரிதாக்கினால் ஒவ்வொரு கரையும் நூறு மீட்டருக்கு மேல், ஒரே திசையில் தள்ளி நிற்கிறது. கடலில் விழுந்தது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தண்ணீர் நிற்கிற இடத்துக்கே வீடு கட்டலாம் என்று வண்ணம் அடித்துக் கொடுத்திருப்போம். பழைய டோபோ ஷீட்டிலிருந்து (அச்சிட்ட நில அளவை வரைபடம்) வரைந்ததா, எவரெஸ்ட் டேட்டமா (அந்தப் பழைய வரைபடங்களின் அளவை அடிப்படை) என்று கேட்க மூன்றாம் நடை போனேன். வரைந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம், வேறு யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் வீண். கடைசியில் எவரெஸ்ட் என்று வைத்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டத்துக்கு மாற்றிக்கொண்டு, ஜிபிஎஸ் கருவியோடு பைக்கில் இரண்டு நாள் குளம் குளமாகப் போய் கலிங்கிலும் மதகிலும் புள்ளி எடுத்தேன். பொருந்தியது! அந்தச் சாயங்காலம் கரைமேல் நின்றபோது இருந்த நிம்மதியை மறக்க மாட்டேன்.

இன்னொன்று, நிலப்பயன்பாட்டு லேயர் வாங்கினால் படம் எடுத்த மாதத்தைக் கேளுங்கள். மே மாதப் படத்தில் வறண்ட குளம் தரிசாகப் பதிவாகியிருக்கலாம், தரிசு என்றால் ஆலைக்கு ஒதுக்க ஆள் தயாராக இருப்பார்கள்.

திருத்திய லேயரை ஜியோபேக்கேஜாக, ஒரே கோப்பாக, மண்டலம், டேட்டம், மூலம் எல்லாம் தமிழில் ஒரு பக்கம் எழுதி நான்காம் நடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே எழுத்தர்தான் வாங்கினார். படித்துவிட்டு, உட்காரச் சொல்லி, பக்கத்து வட்டத்துக் கோப்பையும் எடுத்துத் தந்தார். அதிலும் பிஆர்ஜே இல்லை. ஆனால் எந்த ஷீட்டிலிருந்து வரைந்தது என்று பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்து, ஒரு துண்டுத்தாளில் எண்ணைக் குறித்துக் கொடுத்தார்.