எஸ்டீமின் கியர் லிவர்: சாரல் மாதக் குறிப்புகள்

ஜூன் 8, 2024, சனி. செங்கோட்டை

மாலை புனலூரிலிருந்து திரும்பும்போது கழுதுருட்டி தாண்டிய ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். விழுந்தது நான்கு. இன்ஜின் திணறி நின்றுவிட்டது. முன்னால் காலி டிப்பர், பின்னால் பஸ், மேலே சாரல். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் கை நடுங்கிவிட்டது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. வண்டி 2002 மாடல் மாருதி எஸ்டீம், அப்பா புதிதாக எடுத்தது. 1298 சிசி, 16 வால்வு. இன்ஜின் இன்றைக்கும் முதல் நாள் மாதிரிதான் இழுக்கிறது. கியர் லிவர் மட்டும் விழப்போகிற பல் போல ஆடுகிறது. வேலைக்காக வாரத்தில் ஆறு நாள் இந்த மலைப்பாதையில் போய் வருகிறேன். புளியரையில் ஏறத் தொடங்கினால் ஆரியங்காவு வரை இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் போட்டே ஆக வேண்டும். லிவரின் வீச்சைக் குறைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைப்பு. இந்த முறை தள்ளிப்போடப் போவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கன்சோலைக் கழற்றி, ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்தேன்.

லிவர், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம் மாதிரிதான். நடுவில் ஒரு உருண்டை, அது நைலான் கிண்ணத்தில் உட்கார்ந்து சுழல்கிறது. மேலே கையால் பிடிக்கும் குமிழான நாப், கீழே ஒரு துளை. அந்தத் துளையில் போல்ட் போட்டு கியர்பாக்ஸுக்குப் போகும் ராடைக் கோர்த்திருக்கிறார்கள். என் வண்டியில் உருண்டையிலிருந்து நாப் வரை 300 மி.மீ., கீழ்த்துளை வரை 40 மி.மீ. வகுத்தால் 7.5. கீழே ராடு ஒரு மி.மீ. நகர, மேலே கை ஏழரை மி.மீ. போக வேண்டும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு நாப் போகிற தூரம் 140 மி.மீ. என் கைக்கு ஏறக்குறைய முக்கால் சாண். அதற்கே தோள் சீட்டிலிருந்து எழும்புகிறது.

வீச்சு குறைய இரண்டு வழி. மேலே வெட்டிக் குட்டையாக்கலாம். ஆனால் நாப் கீழே போய்விடும், வளைவில் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துத் துழாவ வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லையென்றால் உருண்டைக்குக் கீழே உள்ள பகுதியை நீட்டலாம். கடைகளில் ஷார்ட் ஷிஃப்டர் என்று விற்பவற்றில் பலவும் செய்வது இதைத்தான். எஸ்டீமுக்கு இங்கே தயாராகக் கிடைக்கவில்லை, பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 12, புதன்

புனலூரில் வழக்கமாக வண்டி பார்க்கும் ஆசானிடம் சொன்னேன். செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையாளமும் அவருக்குத் தமிழும் தடையில்லை. லிவரை ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். “ஆத்யம் புஷ் மாத்து. பின்னே லிவரைப் பார்க்கலாம்” என்றார். ஆத்யம் என்றால் முதலில். புஷ் என்பது போல்ட் கோர்க்கும் துளைக்குள் இருக்கும் சின்ன உருளை. பக்கத்து ஸ்பேர் கடையில் புஷ் செட்டும் நைலான் கிண்ணமும் கிடைத்தன.

ஜூன் 16, ஞாயிறு

புஷ் மாற்றியாயிற்று. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாடு வரை.

முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டு, பின்சக்கரங்களுக்குக் கல். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். நேற்று பெய்த சாரலில் வாசல் மண் அவ்வளவு இளகியிருந்தது, ஸ்டாண்டுக்கு அடியிலும் பலகை போட வேண்டியிருந்தது.

அடியில் இரண்டு ராடுகள். ஒன்று கியர் மாற்றுவது. இன்னொன்று லிவர் உட்கார்ந்திருக்கும் கூட்டைக் கியர்பாக்ஸோடு பிணைத்து வைப்பது. முடுக்கும்போது இன்ஜின் முன்பின் அசைந்தால் லிவரும் கூடவே அசையட்டும், கியர் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கோர்த்த போல்ட் துருவேறி அசையவே இல்லை. ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டிய பிறகு வந்தது.

வெளியே வந்த புஷ்ஷை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை வேப்பங்கொட்டை மாதிரி நீண்டுபோயிருந்தது. ஒரு பக்கச் சுவர் தாள் கனம்தான். கிரீஸ் காய்ந்து மண்ணோடு சேர்ந்து கறுப்புப் பிசினாகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்து மலைப்பாதை முழுக்க அந்தத் துண்டில் இருந்தது. புதியதைப் பக்கத்தில் வைத்து வெர்னியரில் பார்த்தால் தேய்மானம் 2 மி.மீ. அதை 7.5-ஆல் பெருக்கினால் நாபில் 15 மி.மீ. ஆட்டம். நான்காவது ஏன் விழுந்தது என்று இப்போது புரிகிறது.

புதுப் புஷ், புதுக் கிண்ணம், கிரீஸ். மறுபடி அளந்தேன்: 125 மி.மீ.

ஜூன் 17, திங்கள். பக்ரீத் விடுமுறை

ஆரியங்காவு வரை ஓட்டிப் பார்த்தேன். வேறு வண்டி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு கியரும் அதனதன் இடத்தில் போய் உட்காருகிறது. உண்மையைச் சொன்னால், பழைய வண்டி வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும். லிவர் ஆடுகிறது என்று வருகிறவர்களுக்கு யாராவது முதலிலேயே ஷார்ட் ஷிஃப்டர் விற்றால் அது அநியாயம்.

எனக்குப் போதவில்லை. கோட்டைவாசல் பக்கத்து எஸ் வளைவில் இப்போதும் கை தூரமாகத்தான் போகிறது.

ஜூன் 20, வியாழன்

தென்காசி காயலாங்கடையில் இன்னொரு எஸ்டீம் லிவர் கிடைத்தது. வண்டியின் சொந்த லிவரை வெட்ட மனசில்லை. அதை எடுத்துக்கொண்டு லேத் அண்ணாச்சியிடம் போனேன். “எவ்வளவு நீட்டணும்? இருபது போட்டுருவோமா?” என்றார். கணக்கை அவர் மேசையிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். 20 கூட்டினால் கீழே 60. கை போகும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் தள்ளும் பலம் ஒன்றரை மடங்கு வேண்டும். 12 கூட்டினால் 52. தூரம் 23 சதவீதம் குறையும், பலம் 30 சதவீதம் கூடும். கிணற்று ஏற்றத்தின் கணக்கு அதுதான், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும். 12 என்று முடிவு செய்தோம்.

கீழ்த்துளை இருக்கும் முனையை, அதாவது கண்ணை, அறுத்து, நடுவே கம்பி வைத்து, இரண்டு முனையையும் சரித்துக் கடைந்து வெல்டிங் வைத்தார். உருண்டையில் சூடு ஏறிவிடாமல் ஈரத்துணி சுற்றச் சொல்லியிருந்தேன், சுற்றியே வைத்திருந்தார். வெல்டிங் ஆறியதும் கண்ணைப் பழைய லிவரின் கண்ணோடு சேர்த்து ஒரு கம்பியில் கோர்த்து, கோணல் இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்கினார்.

ஜூன் 23, ஞாயிறு

மாட்டினேன். இரண்டாம் முறை என்பதால் ஒன்றரை மணி நேரம்தான். 96 மி.மீ.! கணக்கும் அதையே சொன்னது. முன்பின் வீச்சுதான் சுருங்கியிருக்கிறது, இடவலம் அசைவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்ஜினை அணைத்து வைத்து ஐந்து கியரும் ரிவர்ஸும் பத்துப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 24, திங்கள்

புளியரை தாண்டியதும் ஜிர்ர்ர் என்று ஒரு சத்தம். இரண்டிலும் நான்கிலும் மட்டும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே ஓரமாக நிறுத்தி, குனிந்து டார்ச் அடித்தேன். சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டில் புதிதாக ஒரு பளபளப்புக் கீறல். நாபைப் பின்னால் இழுத்தால் லிவரின் கீழ்முனை முன்னால் போகும். அந்த இடத்தில் தகடு கொஞ்சம் மேடு. நீட்டிய 12 மி.மீ. அங்கே போய் உரசுகிறது. மாட்டும்போது மேலே கியர் போட்டுப் பார்த்தேனே தவிர, அடியில் படுத்துக்கொண்டு இன்னொருவரைப் போடச் சொல்லிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். காலையில் கியர்பாக்ஸ் சூடேறும் முன் இரண்டாவதை வேகமாகப் போட்டால் கர்ரென்று கடிக்கிறது. உள்ளே இருக்கும் பித்தளை சின்க்ரோ ரிங் உரசி, இரண்டு பக்கச் சுழற்சியையும் ஒன்றாக்கிய பிறகுதான் கியர் விழ முடியும். என் கை வேகமாகிவிட்டது, ரிங் பழைய வேகத்தில்தான் இருக்கிறது. நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போட்டால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது.

ஜூன் 30, ஞாயிறு

தகட்டைக் கழற்றி, மேட்டை மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினேன். இப்போது ஒரு விரல் நுழையும் இடைவெளி. கூடவே கியர் ஆயிலையும் மாற்றினேன்: 75டபிள்யூ-90, ஜிஎல்-4 ரகம். கடைக்காரர் ஜிஎல்-5 இன்னும் நல்லது என்று எடுத்து நீட்டினார். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும் என்பதால் வேண்டாம் என்றேன். சத்தம் போய்விட்டது. காலைக் கடியும் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

எனக்கிருந்த ஒரே கவலை அப்பாதான். அவருக்கு இடது தோளில் வலி உண்டு, கூடுதலாகத் தேவைப்படும் இந்த 30 சதவீத பலம் அவரைத்தான் படுத்தும். பழைய லிவரை கிரீஸ் தடவி, பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டு வைத்தேன், முடியாது என்று சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று.

இன்று ஆரியங்காவு கோவிலுக்கு அவரே ஓட்டினார். செங்கோட்டையில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை பதித்த நுழைவாயில் வளைவைத் தாண்டும் வரை நாபைப் பழையபடி விரல்களால் பிடித்து இழுத்தார், முகம் சுளித்தது. புளியரை ஏற்றத்தில் தானாகவே பிடியை மாற்றிக்கொண்டார். மூன்றுக்கு உள்ளங்கையால் தள்ளல், இரண்டுக்கு விரல்களை மடக்கி முழங்கையோடு இழுப்பு. தோள் அசையவே இல்லை. எஸ் வளைவில் எதிரே லோடு லாரி வந்தபோது நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக இரண்டில் போட்டு ஒதுங்கினார்.

“தோள் வலிக்குதாப்பா?”

“இல்லலே. முன்னாடி எட்டி எட்டிப் போட்டதுலதான் வலிச்சிருக்கு போல.”

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். பழைய லிவர் டிக்கியிலேயே இருக்கட்டும். ஐடிலிங்கில் இன்ஜின் கொஞ்சம் அதிகமாக உதறுகிறது என்று அப்பா சொன்னார், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டாக இருக்கலாம். நாளை புனலூரில் ஆசானிடம் காட்ட வேண்டும்.