டிஷ்டர்லீபேயை மேடையேற்றிய அனுபவம்: பியானோ பக்கத்திலிருந்து

ஜெர்மனிக்குப் பியானோ படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக்கச்சேரிக் கனவுதான் இருக்கும். சென்னையில் டிரினிட்டி கல்லூரியின் பியானோ கிரேடு தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வந்த எனக்கும் அதுதான் இருந்தது. இங்கே ஒரு பாடகருடன் சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டார்கள், போனேன், அதிலேயே நின்றுவிட்டேன்.

அங்கே பாடியது ‘லீட்’ என்கிற ஜெர்மன் பாடல் வகை. ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். மைக் இல்லை, வேறு வாத்தியம் இல்லை, ஆபெராவில் இருப்பதுபோல வேஷமோ காட்சியோ இல்லை. பல பாடல்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 31 வயதில் இறந்துபோன இசையமைப்பாளர் ஷூபர்ட் மட்டுமே 600-க்கு மேல் எழுதியிருக்கிறார். இங்குள்ள இசைக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு உண்டு, வழக்கமாக 4 செமஸ்டர். நானும் என் பாடகரும் அதன் இறுதித் தேர்வுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ‘டிஷ்டர்லீபே’ (கவிஞனின் காதல்) முழுவதையும் தயார் செய்தோம். அங்கே அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக அந்த வேலையை விவரமாக எழுதுகிறேன்.

இந்தத் துறையில் பியானோ வெறும் பக்கவாத்தியமாக இருப்பதில்லை. ஷ்டுட்கார்ட்டில் ஹூகோ வோல்ஃப் அகாடமி நடத்தும் போட்டிக்குப் பாடகரும் பியானோ கலைஞரும் ஜோடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். லண்டன் விக்மோர் ஹால் போட்டியில் பியானோவுக்கென்று தனிப் பரிசே இருக்கிறது. அதனால் நல்ல ஜோடி அமைந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்கு அமைந்தவர் கொரியாவிலிருந்து வந்த ஒரு பாரிடோன், அதாவது நடுத்தர உயரமுள்ள ஆண்குரல். குரலை வைத்து மட்டும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ரிகர்சலுக்கு வரும்போதே கவிதையில் ஒரு கேள்வியோடு வருவார். அந்த ஒரு குணம் போதும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டிஷ்டர்லீபே 16 பாடல்கள் கொண்ட தொகுப்பு. 1840 மே மாதக் கடைசியில், சுமார் ஒரே வாரத்தில், ஷூமன் அதை எழுதினார். அதுவரை பெரும்பாலும் பியானோவுக்கு மட்டுமே எழுதிவந்தவர் அந்த ஒரு ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதிக் குவித்தார். கிளாராவை மணக்க அவளுடைய அப்பா சம்மதிக்காமல் விஷயம் நீதிமன்றம் வரை போயிருந்த காலம் அது. கல்யாணம் அந்த செப்டம்பரில்தான் நடந்தது. முதலில் 20 பாடல்கள் இருந்தன. 1844-இல் அச்சுக்குப் போகும்போது நான்கை எடுத்துவிட்டார். கவிதைகள் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயுடையவை.

எங்களுக்கு முதலில் வந்த சிக்கல் சுருதி. இந்தப் பாடல்கள் உயர்ந்த குரலுக்கு எழுதியவை, பாரிடோன் பாடவேண்டுமென்றால் இறக்கியாக வேண்டும். இறக்குவதானால் பதினாறையும் ஒரே அளவு இறக்குங்கள் என்று எங்கள் ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். காரணம் முதல் பாட்டிலேயே இருக்கிறது. அது எஃப் ஷார்ப் மைனர் என்ற சுருதிக்குப் போவதுபோலப் போக்குக்காட்டி, போய்ச் சேராமல், தீராத ஒரு செவன்த் கார்டில் (அடுத்ததை எதிர்பார்க்க வைக்கும் ஒரு சுரக்கூட்டில்) அப்படியே நின்றுவிடும். அந்த நிற்பை வாங்கிக்கொண்டுதான் இரண்டாவது பாட்டு ஏ மேஜரில் ஆரம்பிக்கும். பாடகரின் வசதிக்காக ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் இறக்கினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரு முழுச்சுரம் இறக்கினோம். நோட்டேஷன் மென்பொருளில் நானே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அலுப்பான வேலைதான், ஆனால் உள்ளே ஓடுகிற ஒவ்வொரு சுரத்தையும் கையால் தொட்டாகிவிட்டது.

சுருதி இறங்கினால் விரலுக்கு அது வேறு பாட்டு. கருப்புக் கட்டைகளில் பழகிய கை, முதல் பாட்டு இறங்கிவந்த ஈ மைனரில் வெள்ளைக் கட்டைகளுக்கு வந்ததும் பிடிமானம் மாறுகிறது. இடது கை கார்டுகள் கீழே போகப்போக ஒலி கலங்கலாகிறது. அதற்காக இடது கையை இன்னும் லேசாக்கி, பெடலைச் சீக்கிரம் எடுக்கப் பழகிக்கொண்டேன். பாரிடோன்களுடன் வாசிக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

பிறகு கவிதை. இந்த வகுப்பில் பாடகர் மட்டுமில்லாமல் பியானோ வாசிப்பவரும் கவிதையை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆசிரியை கட்டைகளின் மேல் மூடியைச் சாத்திவிட்டு, ‘சொல்லுங்க’ என்பார். இசையே இல்லாமல், பேசுவதுபோல, யாரோ ஒருவரைப் பார்த்து வரிகளைச் சொல்ல வேண்டும். அப்புறம் கேள்விகள்: இதை யாரிடம் சொல்கிறான்? அவள் எதிரில் இருக்கிறாளா? போன பாட்டுக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கிறது?

ஏழாவது பாட்டான ‘இஷ் குரோல்ல நிஷ்ட்’ எங்களுக்குள் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. எனக்கு உன்மேல் கோபமில்லை என்று ஒருவன் சொல்லும் பாட்டு. என் பாடகர் அவன் உண்மையிலேயே மன்னித்துவிட்டான் என்றார். என்னால் அதைக் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. பியானோவில் கார்டுகள் விடாமல் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டே இருக்கின்றன. அதோடு, ஹைனே எழுதியதைவிட அதிகமான தடவை ஷூமன் அந்த வரியைச் சொல்ல வைத்திருக்கிறார். கோபமே இல்லாதவன் எதற்கு இத்தனை முறை சொல்லவேண்டும்? ஆசிரியை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ‘எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் ரெண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கணும்’ என்றார். கடைசியில் நாங்கள் எடுத்துக்கொண்ட வழி: அவன் மன்னிக்க விரும்புகிறான், முடியவில்லை. பாடகர் அந்த விருப்பத்தைப் பாடினார், முடியாமையை நான் வாசித்தேன். உச்சத்தில் பாடகருக்கு இரண்டு வழி கொடுத்து மேல் சுரத்தை விருப்பத்துக்கு விட்டிருக்கிறார் ஷூமன். மேலே போகலாமா என்பதைக்கூட இந்த முடிவை வைத்தே தீர்மானித்தோம். போனார்.

உச்சரிப்புக்குத் தனி வகுப்பு. ‘இஷ்’ என்று நான் இங்கே எழுதுவதே தோராயம்தான். ‘இ’ சொல்லும்போது நாக்கு இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதினால் அந்த ஒலி கிடைக்கும். அதைவிடக் கஷ்டமானது சொற்களைப் பிரிப்பது. முதல் பாட்டில் ‘அல்ஸ் அல்ல க்னோஸ்பன் ஷ்ப்ராங்கன்’ என்று ஒரு வரி, மொட்டுகளெல்லாம் அவிழ்ந்தபோது என்பது பொருள். நம் வாயில் அது தானாகவே ‘அல்ஸல்ல’ ஆகிவிடும். மெய்மேல் உயிர் வந்து ஒட்டுவது தமிழில் இயல்பு. ஜெர்மனில் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் தொண்டையில் மெல்லத் தட்டிப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். என் பாடகருக்கும் இதே தொல்லை இருந்ததால் இருவரும் ஒன்றாகவே உட்கார்ந்து பயிற்சி செய்தோம்.

பியானோ வாசிப்பவளுக்கு உச்சரிப்பு எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் இந்தக் கலையின் மையமே இருக்கிறது. அதே வரியில் ‘ஷ்ப்ராங்கன்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஷ், ப், ர் என்று மூன்று மெய்கள் வரிசையாக நிற்கின்றன, அதற்குப் பிறகுதான் ‘ஆ’. தாளத்தில் விழவேண்டியது அந்த ‘ஆ’. மூன்று மெய்களும் அதற்கு முன்னாலேயே, முந்தைய சுரத்தின் நேரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். பாடகர் ‘ஷ்’ என்று தொடங்கிய உடனே நான் கட்டையை அழுத்தினால் முந்திவிடுவேன். ‘ஆ’ கேட்டபிறகு அழுத்தினால் பிந்திவிடுவேன். மெய்கள் நடந்துகொண்டிருக்கும்போதே கை இறங்க ஆரம்பித்து, உயிர் திறக்கிற அதே கணத்தில் கட்டையின் அடியைத் தொட வேண்டும். ஆகவே அடுத்து எத்தனை மெய் வருகிறது என்பது என் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஸ்கோரில் (இசைக்குறிப்புத் தாளில்) பாட்டு வரியின் ஒவ்வொரு அழுத்தமான உயிருக்கும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன். இந்த ஒரு பழக்கம் வந்தபிறகு, ‘நீ எனக்காகக் காத்திருக்கிற மாதிரியே இப்போ தெரியலை’ என்றார் என் பாடகர்.

மூச்சும் அப்படித்தான். பாடகர் பியானோவின் வளைவில் சபையைப் பார்த்து நிற்பார், எனக்கு அவருடைய முதுகும் பக்கவாட்டும்தான் தெரியும். தலையசைப்பு, கண்ஜாடை எல்லாம் உதவாது. அவர் மூச்செடுக்கும்போது விலா விரிவதையும் காற்று உள்ளே போகிற வேகத்தையும் வைத்தே அடுத்த வரியின் வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம். நானும் அவரோடு சேர்ந்து மூச்செடுக்கத் தொடங்கியபிறகு எங்களுக்குள் எண்ணிக்கையே தேவைப்படவில்லை.

பதின்மூன்றாவது பாட்டில் பயம் இருவருக்கும் சமம். குரல் தன்னந்தனியாகத் தொடங்குகிறது. கனவில் அழுதேன் என்கிறது. அது முடிந்தபிறகு பியானோ சில குட்டையான, உலர்ந்த கார்டுகளைப் போட்டுவிட்டு மறுபடி பேசாமலிருக்கிறது. பாடகர் பிடிக்க ஆதாரச் சுருதி எதுவுமில்லை. தம்புரா இல்லாமல் விருத்தம் பாடச் சொன்னால் எப்படியிருக்கும், அதேதான். அவர் இம்மியளவு இறங்கினாலும் என் அடுத்த கார்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வாசிக்காத நேரத்தில் நான் கையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். கட்டைமேலேயே, அசையாமல் வைத்திருக்க வேண்டும். கை எழும்பினால் கேட்பவர் கவனம் இந்தப் பக்கம் திரும்பிவிடும்.

அதிக நாள் பிடித்தது கடைசிப் பாட்டின் முடிவு. பழைய கெட்ட பாட்டுகளையும் கனவுகளையும் ஒரு பிரம்மாண்டமான சவப்பெட்டியில் போட்டு, 12 ராட்சதர்களை விட்டுக் கடலில் தள்ளச் சொல்கிறான். பெட்டி ஏன் இவ்வளவு பெரிசு தெரியுமா, என் காதலையும் வலியையும் அதில் வைத்தேன் என்று பாடகர் முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு பியானோ தனியாக நீளமாக வாசிக்கிறது. வருவது புது மெட்டில்லை, 12-ஆம் பாட்டின் முடிவில் வந்த அதே பியானோ இசை. அங்கே கோடைக் காலையில் பூக்கள் அவனைப் பார்த்து, எங்கள் சகோதரிமேல் கோபப்படாதே என்று கெஞ்சியிருக்கும். இங்கே சொல் இல்லாமல் அது திரும்பி வரும்போது, கடலில் தள்ளியும் எதுவும் முழுகவில்லை என்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

பாடி முடித்த பாடகர் அவ்வளவு நேரம் என்ன செய்வது? முகத்தில் சோகம் காட்டினால் பொய்யாக இருந்தது. தலையைக் குனிந்தால் பாட்டு முடிந்துவிட்டதென்று சபை நினைத்துக்கொள்ளும். ஆசிரியை அவரை வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரவைத்து, நான் வாசிப்பதை மட்டும் கேட்கச் சொன்னார். திரும்ப முன்னால் வந்து நின்றபோது அவர் எதுவுமே செய்யவில்லை, உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அதுவே போதுமாக இருந்தது. நானும் அன்றிலிருந்து அந்தப் பகுதியை சபைக்கென்று வாசிக்காமல் அவருக்குச் சொல்வதாகவே வாசித்தேன்.

பாடகர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷும் பியானோ கலைஞர் ஹூபர்ட் கீசனும் 1965-இல் பதிவுசெய்த டிஷ்டர்லீபேயும், பாரிடோன் ஃபிஷர்-டீஸ்காவின் பதிவுகளும் எல்லோரும் கேட்கவேண்டியவை. நாங்கள் எங்கள் வாசிப்பு ஒரு வடிவத்துக்கு வந்தபிறகே கேட்டோம். அந்த வரிசையில் கேட்பதுதான் நல்லது, இல்லாவிட்டால் இன்னொருவருடைய மூச்சு நம் பாட்டில் ஒட்டிக்கொள்ளும்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பியானோ மூடியை முழுக்கத் திறந்தே வைத்தோம். மூடியைத் தாழ்த்தினால் சத்தத்தோடு ஒலியின் நிறமும் குறைந்துவிடும், மெல்ல வாசிப்பது விரலின் பொறுப்பு. நடுவில் யாரும் கைதட்டவில்லை, அரைமணி நேரம் ஒரே மூச்சாகப் போயிற்று. தேர்ச்சி பெற்றோம். தேர்வுக்குழு முதலில் பேசியது ஏழாவது பாட்டைப் பற்றித்தான். அந்தக் கோபம் யாருடையது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

புதிதாகத் தொடங்கும் ஜோடிகள் டிஷ்டர்லீபேயைத் தொடவேண்டாம். ஷூபர்ட் 1817-இல் எழுதிய ‘ஆன் டீ முஸிக்’ (இசைக்கு) பாட்டை எடுங்கள். இரண்டே சரணம், இரண்டுக்கும் ஒரே மெட்டு. வலது கையில் திரும்பத் திரும்ப வரும் கார்டு, இடது கையில் குரலோடு பேசுகிற ஒரு மெட்டு. ஸ்கோர் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டாம் சரணத்தை முதல் சரணம் மாதிரி வாசிக்காமல் இருக்க என்ன காரணம் கவிதையில் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். பியானோவைத் திறப்பது அதற்குப் பிறகு.