பின்சீட்டில் அம்மா பேசுவது கேட்க வேண்டும்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போய் இறங்கினால் அம்மாவுக்கு அன்று முழுக்கக் காது அடைத்தாற்போல இருக்கும். பின்சீட்டிலிருந்து அவர் சொல்வது எனக்குக் கேட்காது. இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பேசுவதையே விட்டுவிடுவார். அதுதான் மனதை உறுத்தியது. கார் எட்டு வருடப் பழைய சின்ன ஹேட்ச்பேக், ஓடும்போது உள்ளே ஒரே இரைச்சல்.

அதைக் குறைக்க, முதலில் ஒரு கடையில் நான்கு கதவுக்கும் பியூட்டைல் என்ற ரப்பரில் செய்த டாம்பிங் ஷீட் ஒட்ட வைத்தேன். கதவு கனமாக, அழகாகச் சாத்தியது. ஆனால் ஹைவேயில் 80-ஐத் தொட்டதும் பழைய இரைச்சல் அப்படியே. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் தளும்பியது. கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றி, துளைகளின் மேல் இருந்த ஷீட்டை நானே வெட்டி எடுத்தேன்.

டாம்பிங் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும், அவ்வளவுதான். தட்டிய பாத்திரத்தை விரலால் தொட்டால் ஓசை நிற்பதைப் போல. தகட்டில் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். காற்றுவழி நுழையும் சத்தத்துக்கு அது மருந்தல்ல.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் பணத்தைக் கொட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. தூத்துக்குடிக்கு ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் போனபோது, ப்ரொப்பெல்லருக்கு நேரான வரிசையிலிருந்து பின்னால் மாறி உட்கார்ந்ததுமே அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. இரைச்சலுக்கு ஒரு இடம் உண்டு. காரிலும் அதைத் தேடினேன்.

போனில் சத்தத்தை அளக்கும் டெசிபல் ஆப். 80-ல் போகும்போது 72. காரை நிறுத்தி, இன்ஜினை மட்டும் அதே ஆர்பிஎம்முக்கு முறுக்கினால் 58. 14 டெசிபல் குறைவு என்றால் ஒலி ஆற்றலில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். நிற்கும் காரில் இன்ஜினுக்குச் சுமை இல்லை என்றாலும், முக்கியக் குற்றவாளி அது இல்லை. கதவு இடுக்கு, கண்ணாடி ஓரமெல்லாம் பேப்பர் டேப் ஒட்டி ஓட்டினேன், எண் மாறவில்லை. காற்றும் இல்லை. வழுவழுப்பான புதுத் தாரிலிருந்து கரடுமுரடான தாருக்கு ஏறியதும், அதே வேகத்தில் 4 டெசிபல் எகிறியது. டயர்!

பின்டயர்களைக் கையால் தடவினால் ரம்பப் பல் போல இருந்தது. அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டியதன் விளைவு. டயர் மாற்றியதும் 69.

அடுத்து, டாஷ்போர்டின் அடியிலிருந்து வந்த மெல்லிய சீற்றம். இரவில் பானெட்டுக்குள் டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஒயர் நுழையும் துளையில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம் (க்ரோமெட்) இல்லை. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சொற்ப விலை ரப்பர் வளையம் அந்தச் சீற்றத்தை நிறுத்தியது.

கடைசியாக டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, பின்சக்கரங்களுக்கு மேலே ஃபோமும் அதன்மேல் கனமான வினைல் ஷீட்டும் போட்டேன். இப்போது 67. ஐந்து டெசிபல் என்பது ஆற்றலில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததற்குச் சமம். காதுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது, 10 குறைந்தால்தான் சத்தம் பாதியானதாகத் தோன்றும். ஆனால் ஆப் பெரும்பாலும் அடிச்சுருதி 'ஹூம்' ஒலியைக் குறைத்தே கணக்கிடும், அது அடங்கினாலும் எண்ணில் முழுதாகத் தெரியாது. அம்மாவைக் களைக்க வைத்தது அந்த 'ஹூம்'தான் என்பது என் எண்ணம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். “கோவில்பட்டி வந்துட்டு, கடலைமிட்டாய் வாங்கணும், நிப்பாட்டுல” என்று பின்னாலிருந்து சாதாரணக் குரலில்தான் சொன்னார். முதல் தடவையிலேயே கேட்டது.